மாருல கட்டி மாதிரி இருக்குன்னு பிள்ளை சொன்னால்

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் சுகாதார செவிலியராக இருந்தபோது, மடியில் இருந்த பீடிச் சுளகை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஒரு அம்மா தன் பத்து வயது மகளை இழுத்துக்கொண்டு வந்தார். "நர்சம்மா, பிள்ளைக்கு மாருல கட்டி வந்திருக்கு. ஒத்தப் பக்கந்தான். லேசாத் தொட்டாலே வலிக்கிங்கா. அறுத்து எடுத்திரணும்னு சொல்லுதாவ." அவர் கையில் பீடி இலையின் மணம் இன்னும் போகவில்லை. பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை.

பார்த்தேன். வலது காம்புக்கு நேர் கீழே, சுண்டைக்காய் அளவில் ஒரு கெட்டி. அது கட்டி இல்லை, மார்பின் மொட்டு. பெண்பிள்ளையின் உடம்பு வளரத் தொடங்கியதற்கு முதல் அடையாளம் பெரும்பாலும் அதுதான். பின்னால் வளரப்போகிற மார்பு முழுவதும் அந்தச் சுண்டைக்காய்க்குள்தான் இருக்கிறது. அதை அறுத்து எடுத்தால் அந்தப் பக்கம் மார்பே வளராது. அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என்னிடம் நின்றாரே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

பயந்துபோய்த் தேவையில்லாததைச் செய்வது ஒரு பக்கம். வெட்கப்பட்டுக் காட்ட வேண்டியதை மறைப்பது இன்னொரு பக்கம். நான் பார்த்த கஷ்டங்களில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றால் வந்தவைதான். முதல் முறையாக இந்த விஷயத்தை எதிர்கொள்ளும் அம்மாக்களுக்கும் சித்திகளுக்கும், தானே படித்துத் தெரிந்துகொள்ள நினைக்கிற பிள்ளைகளுக்கும் எதை எந்த வரிசையில் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் வயதைக் கணக்குப் போடுங்கள்

மார்பு மொட்டு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் வரும். இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் வரவேண்டும் என்று இல்லை. ஒரு பக்கம் முந்திக்கொண்டு, மறுபக்கம் சில மாதம் கழித்து வருவது சகஜம். துணி உரசினாலும் பள்ளிக்கூடப் பை இடித்தாலும் சுள்ளென்று வலிக்கும். சட்டைக்கு உள்ளே மெத்தென்ற பருத்திச் சிம்மீஸ் போட்டுவிட்டால் போதும். அழுத்திக் கரைக்கப் பார்க்கக் கூடாது, பத்தும் போடக் கூடாது. மொட்டு வந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் பிள்ளை பெரிய மனுஷி ஆவாள். ஆகவே அந்த முதல் வலி வந்த மாதத்தை எங்காவது எழுதி வைத்தால் சடங்குக்கு எப்போது தயாராக வேண்டும் என்று குத்துமதிப்பாகத் தெரிந்துவிடும்.

8 வயதுக்கு முன்னாலேயே மார்பு வளரத் தொடங்கினால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனையும் உண்டு. "பிராய்லர் கோழி தின்னதாலதான்" என்று ஆச்சிமார் சொல்வார்கள். கோழியைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை. உடல் எடை கூடிய பிள்ளைகளுக்கு வளர்ச்சி சற்று முந்தி வருகிறது என்பதுதான் உறுதியாகத் தெரிந்தது. 13 வயது முடிந்தும் மொட்டே வரவில்லை என்றாலும், 15 வயதாகியும் மாதவிலக்கு வரவில்லை என்றாலும் காட்ட வேண்டும்.

இதில் ஆண்பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 12, 13 வயதுப் பையன்களுக்கும் காம்புக்குக் கீழே இதேபோல் கெட்டி வரும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக அடங்கிவிடும். அவனைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள்.

பேச ஒரு ஆளைப் பிடியுங்கள்

பிள்ளைக்குத் தன் மார்பைப் பற்றிக் கூச்சமில்லாமல் சொல்ல ஒரே ஒரு பெரிய மனுஷியாவது வேண்டும். அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நம் பக்கத்தில் பல வீடுகளில் அம்மாவை விடச் சித்தியிடமோ மைனியிடமோதான் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். "ஏளா, குளிக்கும்போது எங்கயாவது வலிக்கா? கெட்டியா ஏதும் தட்டுப்பட்டா எங்கிட்ட சொல்லு, ஏசமாட்டேன்" என்று நீங்களே முந்திக் கேட்டுவிடுங்கள். "ஏசமாட்டேன்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் நோயைக் காட்டிலும் ஏச்சுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

16 வயதுப் பிள்ளை ஒருத்தி ஒரு வருடமாகக் கட்டியை மறைத்து வைத்திருந்தாள். தாவணியை இழுத்து இழுத்துப் போர்த்தித் தோளைக் குறுக்கி நடந்தே கூன் விழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். கடைசியில் ஒரு சடங்கு வீட்டில், உடை மாற்றும் அறையில் சித்தி தற்செயலாகக் கேட்டபோது உடைந்து அழுதிருக்கிறாள். ஸ்கேனில் அது சாதாரணக் கட்டி என்று தெரிந்தது. தான் செத்துவிடுவோம் என்றே அந்த ஒரு வருடமும் தூங்காமல் கிடந்திருக்கிறாள். அந்த ஒரு வருடத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இதைக் கேட்கிற நேரத்திலேயே இன்னொன்றையும் கேட்டு வையுங்கள். யாராவது தொட்டதாலோ கடித்ததாலோ கிள்ளியதாலோ வந்த காயமா? ஆமாம் என்றால் பிள்ளையை மேலும் குடைந்து விசாரிக்காமல் 1098-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தப்பு அவளுடையது இல்லை என்பதை அவள் காதுபட முதலில் சொல்லிவிட்டுப் போனை எடுங்கள்.

காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள்

மாதவிலக்கு தொடங்கிய பிள்ளைக்கு வருகிற மார்பு வலியில் பெரும்பகுதி அதோடு சேர்ந்து வருவது. தூரம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு பக்கமும் கனத்துக்கொண்டு, அக்குள் பக்கமாக இழுத்து வலிக்கும். தடவினால் உள்ளே அரிசியும் பயறும் கலந்து கொட்டினாற்போல் நெருடும். விலக்கு வந்ததும் குறைந்துவிடும். எனவே சுவரில் தொங்கும் காலண்டரில் விலக்கு வந்த நாளுக்கு ஒரு வட்டமும் வலித்த நாளுக்கு ஒரு புள்ளியும் போடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளைக்கே கணக்குப் புரிந்துவிடும். டாக்டரிடம் போக நேர்ந்தால் அந்தத் தாளையே கிழித்துக் கொண்டுபோகலாம்.

வலிக்கு வெந்நீர்த் துணி ஒத்தடம், சரியான உள்ளாடை, தாங்கவில்லை என்றால் செவிலியரையோ டாக்டரையோ கேட்டு வயதுக்கும் எடைக்கும் ஏற்ற பாராசிட்டமால். இவ்வளவுதான்.

மாதாமாதம் கட்டி இருக்கிறதா என்று தேடித் தேடித் தடவிப் பார்க்க வேண்டிய வயது இது இல்லை. 20 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது மிக மிக அபூர்வம். தேடினால் பயம்தான் வளரும். தன் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் போதும், மாறினால் தானே தெரியும்.

அளவு வித்தியாசம், கோடு, முடி

ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது என்ற கவலை அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் வரும். வளர்ந்த பெண்களிலேயே இரண்டும் அச்சு வார்த்தாற்போல் இருப்பவர்கள் குறைவு. 17, 18 வயது வரை வளர்ச்சி நடக்கும், பெரும்பாலும் அதற்குள் வித்தியாசம் குறைந்துவிடும். ஆனால் ஒரு பக்கம் வளரவே இல்லை என்றால் காட்டுங்கள். குறிப்பாக, சின்ன வயதில் நெஞ்சில் வெந்நீரோ கொதிக்கிற ரசமோ கொட்டித் தழும்பான பிள்ளைகளைக் கவனியுங்கள். சுருங்கிய தழும்புத் தோல் உள்ளே வளர்வதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதை அறுவை சிகிச்சை செய்து தளர்த்திவிட முடியும். நம் அடுப்படிகளில் இந்த விபத்து எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் பத்து வருடம் கழித்து அந்தத் தழும்பை யாரும் இதோடு சேர்த்து நினைப்பதில்லை.

சீக்கிரம் வளரும்போது தோலில் சிவப்பும் ஊதாவுமாகக் கோடு விழும், நாளடைவில் வெளுத்துவிடும். காம்பைச் சுற்றி நாலைந்து முடி இருப்பது இயல்பு. பிடுங்கவும் மழிக்கவும் வேண்டாம், சீழ்க்கட்டிக்கு அது ஒரு வாசல். முகத்திலும் முடி, மாதவிலக்கும் ஒழுங்கில்லை என்றால் மட்டும் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். காம்பு தொடக்கத்திலிருந்தே உள்வாங்கி இருந்தால் அது அவளுடைய அமைப்பு. வெளியே இருந்தது புதிதாக உள்ளே போனால்தான் காட்ட வேண்டும்.

மார்பு வளர எண்ணெய், குறைய மாத்திரை என்று செல்போனில் வரும் விளம்பரங்களுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். அளவு மிகப் பெரிதாகி, தோளில் பட்டை பதிந்து, முதுகு வலித்து, விளையாட முடியாமல் போகிற பிள்ளைகள் உண்டு. அவர்களை "கொழுப்பு" என்று ஏசித் தள்ளிவிடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

உள்ளாடையைப் பிள்ளையோடு போய் வாங்குங்கள், வெயிலில் காயப்போடுங்கள்

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் பாதித் தொந்தரவு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

திருநெல்வேலி டவுன் ரத வீதியில் துணி எடுக்கப் போகும்போது அம்மா மட்டும் உள்ளே போய், கையைக் குவித்துக் காட்டி "இந்த சைஸ்ல ரெண்டு குடுங்க" என்று வாங்கி வருவதுதான் வழக்கம். அளவு பிடிக்காது. பிள்ளையும் சொல்லமாட்டாள், இரண்டு வருடம் இறுக்கத்திலேயே கிடப்பாள். வீட்டில் தையல் டேப்பை எடுத்து மார்புக்குச் சற்றுக் கீழே சுற்றளவையும் மேடான இடத்தின் சுற்றளவையும் எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, பெண்கள் விற்கிற கடையாகப் பார்த்துப் போங்கள். போட்டுப் பார்க்கும்போது கீழ்ப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். தோள் பட்டை பள்ளம் பதிக்கக் கூடாது. கப்பில் பிதுங்கவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. புதிதில் கடைசிக் கொக்கியில் சரியாக இருப்பதை எடுங்கள், எலாஸ்டிக் தளரத் தளர உள்கொக்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். வளர்கிற வயது என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேப்பை மறுபடி எடுக்க வேண்டும். கபடி, ஓட்டம் என்று விளையாடுகிற பிள்ளைக்கு அழுத்திப் பிடிக்கும் விளையாட்டு உள்ளாடை ஒன்று தனியாக வேண்டும். இரவில் போட்டுத் தூங்கினால் புற்றுநோய் வரும் என்பது பொய். இறுக்கமாக இருந்தால் கழற்றிவிட்டுத் தூங்கட்டும், அவள் வசதி.

அடுத்தது காயப்போடுவது. நம் வீடுகளில் எல்லாத் துணியும் கொடியில் வெயிலைப் பார்த்துக் காயும். பிள்ளையின் உள்ளாடை மட்டும் துண்டுக்கு அடியிலோ, குளியலறை ஆணியிலோ, கட்டிலுக்குப் பின்னாலோ ஈரத்தோடு தொங்கும். தம்பி பார்ப்பான், பெரியப்பா வருவார் என்ற பயம். அக்கினி நட்சத்திர வெயிலில் நெல்லைச் சீமையே வெந்துகொண்டிருக்கும்போது அந்த ஒரு துணி மட்டும் காயாமல் கிடக்கும். காலையில் அரை ஈரத்தோடு அதைப் போட்டு, மேலே யூனிபார்ம், அதன்மேல் கோட், பஸ்ஸில் நெரிசல். மார்பின் அடிமடிப்பில் சிவந்து, அரித்து, ஓரம் செதில் விட்டுப் படரும் படை அப்படித்தான் வருகிறது.

வெயிலில் காயப்போடுங்கள். தம்பி பார்த்தால் பார்க்கட்டும். மாற்றிக்கொள்ள மூன்று நான்காவது இருக்கட்டும், பருத்தியாக இருக்கட்டும். குளித்ததும் மடிப்பைத் துண்டால் ஒற்றி ஈரம் போக்கிவிட்டுப் போடச் சொல்லுங்கள். படை வந்துவிட்டால் பூஞ்சையைப் போக்கும் குளோட்ரிமசோல் என்ற மருந்து மட்டும் உள்ள களிம்பு போதும், படை மறைந்தபின்னும் டாக்டர் சொல்கிற நாள்வரை தடவ வேண்டும். மெடிக்கலில் "அரிப்புக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கொடுத்துவிடுவார்கள். முதல் வாரம் அருமையாகக் கேட்கும். பிறகு படை இரட்டிப்பாகத் திரும்பும், தோலும் மெலிந்து கோடு விழும்.

கட்டி நிஜமாகவே இருந்தால்

விலக்கு முடிந்த வாரத்திலும் ஒரே இடத்தில் தனியாகத் தட்டுப்படுகிறது, அடுத்த மாதமும் இருக்கிறது என்றால் அதைக் காட்ட வேண்டும். இந்த வயதில் அது பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமாவாக இருக்கும். கோலிக்குண்டு போல வழவழவென்று, ரப்பர் பதத்தில், விரலை வைத்தால் நழுவி ஓடும். வலிக்காது. இது புற்றுநோய் இல்லை. பல கட்டிகள் தானாகவே சுருங்கிவிடும், சில அப்படியே நிற்கும்.

கட்டி என்றதும் "மேமோகிராம் எடுக்கணுமா" என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அது மார்பை எக்ஸ்ரே எடுப்பது. இளம் மார்பின் திசு அடர்த்தியானது, அந்தப் படத்தில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் சரி. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. சாதாரணக் கட்டி என்று தெரிந்தால் சில மாதம் விட்டு மறுபடி ஸ்கேன் எடுத்து அளவை ஒப்பிடுவார்கள். 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வேகமாக வளர்ந்தாலோ, ஸ்கேனில் சந்தேகம் இருந்தாலோதான் ஊசி வைத்துத் திசு எடுப்பதும் அறுவை சிகிச்சையும். பார்த்த அன்றைக்கே "அறுத்துவிடலாம்" என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள். வளர்கிற மார்பில் தேவையில்லாத கத்தி படக் கூடாது.

சைக்கிள் கைப்பிடி குத்தியோ பந்து பட்டோ ரத்தம் கட்டியும் கெட்டி வரலாம். வாரக்கணக்கில் இருந்து கரையும். அடிபட்ட நாளை நினைவு வைத்துச் சொல்லுங்கள்.

கட்டி கல்போல் இருந்து நகரவே மறுத்தாலும், மேலே தோல் குழிந்தாலும், ஆரஞ்சுத் தோல் போலத் தடித்தாலும், அக்குளில் நெறி கட்டினாலும் அடுத்த விலக்கு வரை காத்திருக்க வேண்டாம். முன்பு வேறு புற்றுநோய்க்காக நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கிய பிள்ளை என்றாலும், அம்மாவுக்கோ அக்காவுக்கோ இளவயதிலேயே மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்த குடும்பம் என்றாலும் அதை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சிவந்து சுட்டால், காம்பில் நீர் வந்தால்

ஒரு இடம் சிவந்து, சூடாகி, குத்துவலியோடு காய்ச்சலும் அடித்தால் சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே போக வேண்டும். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்து போட்டு "உடையட்டும்" என்று காத்திருந்து, தோல் வெந்து புண்ணாகி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தொடக்கத்திலேயே வந்தால் பலருக்கு மாத்திரையிலேயே அடங்கிவிடும். சீழ் சேர்ந்துவிட்டால் ஊசியால் உறிஞ்சியோ சின்னதாகக் கீறியோ எடுக்க வேண்டியிருக்கும்.

காம்பைச் சுற்றியுள்ள சின்னப் பொரிகளிலிருந்து எப்போதாவது ஒரு சொட்டு தெளிந்த நீர் வருவதில் பயமில்லை. பால் போல வந்தால் தைராய்டு குறைவு, புரோலாக்டின் என்ற சுரப்பு கூடுதல், வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன், சில மனநல மாத்திரைகள் என்று காரணங்கள் உண்டு. சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் சீட்டோடு டாக்டரிடம் காட்டுங்கள். விலக்கு தள்ளிப் போயிருக்கிறதா என்று டாக்டர் பிள்ளையைத் தனியாகக் கேட்டால் கேட்க விடுங்கள். ரத்தம் கலந்து வந்தால் உடனே காட்ட வேண்டும், அதிலும் பெரும்பாலும் பெரிய காரணம் இருக்காது. வருகிறதா என்று தினமும் பிதுக்கிப் பார்க்கக் கூடாது. பிதுக்கப் பிதுக்கத்தான் வரும்.

எங்கே போவது, என்ன சொல்வது

முதலில் உங்கள் ஊர் செவிலியர், அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையம். அரசுப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் பிள்ளை காட்டலாம். இரவில் சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். ஸ்கேன் வேண்டும் என்றால் அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கத்தவர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். 2019-இல் தனி மாவட்டமான தென்காசிக்காரர்களுக்கு அங்கேயே தலைமை மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு எல்லோருக்கும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். கட்டிக்கு அறுவை சிகிச்சைப் பிரிவு, சீக்கிரம் வயதுக்கு வந்தால் குழந்தைகள் பிரிவு, விலக்குக் கோளாறு சேர்ந்திருந்தால் மகளிர் பிரிவு. காலையிலேயே சீட்டு எடுத்துவிடுங்கள். ஆதார், பழைய சீட்டு, காலண்டர் தாள் மூன்றும் பையில் இருக்கட்டும்.

முன்னால் பட்டன் வைத்த சட்டையாகப் போட்டுக் கூட்டிப் போங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் டாக்டர் பார்த்தால் நீங்களோ ஒரு பெண் செவிலியரோ கூடவே நிற்க வேண்டும், அதைக் கேட்க யாரும் தயங்க வேண்டாம். எந்த இடத்தைப் பார்க்கப்போகிறார்கள், எதற்கு என்று பிள்ளையிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போனதும் நீங்களே முழுக்கதையையும் சொல்லாதீர்கள், அவள் சொல்லட்டும். "எப்ப பாத்தேன், எந்தப் பக்கம், வலிக்கா, பெருசாகுதா, கடைசியா விலக்கு என்னைக்கி." இந்த ஐந்தையும் பஸ்ஸிலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டால் நாக்குத் தடுமாறாது.

ஸ்கேன் சீட்டில் கட்டியின் அளவு மில்லிமீட்டரில் இருக்கும். அதைத் தொலைத்துவிட்டால் அடுத்த முறை வளர்ந்ததா சுருங்கியதா என்று ஒப்பிட வழியில்லை. ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையிலேயே அதையும் போட்டு வையுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு, மறுபடி வரச் சொன்ன தேதியைக் காலண்டரில் அந்த வட்டங்களுக்குப் பக்கத்திலேயே பிள்ளையின் கையால் எழுதச் சொல்லுங்கள்.